வீட்டில் எடுக்கும் ரத்தம் ஆய்வுக்கு உதவுமா?

கேள்வி: புதிய மருந்துக்கான ஆய்வில் என் அம்மா சேர்ந்திருக்கிறார். வீட்டிலேயே விரலில் குத்தி, அட்டையில் ரத்தத்துளி வைத்து அனுப்பச் சொல்கிறார்கள். இது சரிவருமா?
– வாசகி, கரூர்

பதில்: சரிவரும், கவனமாகச் செய்தால். அம்மாவுக்கு அலைச்சல் மிச்சம். ஆனால் செவிலியரின் பொறுப்பு இப்போது உங்களுடையது.

விரலைப் பிழியாதீர்கள். பிழிந்தால் திசுநீர் கலக்கும். சிவப்பணுக்களும் உடையலாம். முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த துளியால் வட்டத்தை நிரப்புங்கள். துளிமேல் துளி வேண்டாம். வெயில் படாமல் குறைந்தது 3 மணி நேரம் காயவிடுங்கள். ஈரத்தோடு உறையிலிட்டால் மாதிரி கெட்டுவிடும்.

எல்லாப் பரிசோதனைகளையும் இப்படி வீட்டுக்கு மாற்ற முடியாது. உதாரணமாக, குழாயில் எடுத்த ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால், சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும்.

எல்லாவற்றிலும் முக்கியம் நேரம். மருந்து சாப்பிட்டது எப்போது, ரத்தம் எடுத்தது எப்போது என்பதை உள்ளபடியே எழுதுங்கள். தாமதமானாலும் மறைக்க வேண்டாம். ரத்தத்தில் மருந்தின் அளவு நேரத்துக்கு நேரம் மாறும். தவறான குறிப்பு பிற்காலத்தில் எத்தனையோ நோயாளிகளுக்குத் தவறான டோஸாக முடியலாம். துளி சரியாக விழவில்லையா? தயங்காமல் ஆய்வுக்குழுவைக் கூப்பிடுங்கள். அம்மாவால் முடியாவிட்டால், எந்தக் கட்டத்திலும் விலக அவருக்கு உரிமை உண்டு.