சாலையை அளக்கப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தில் உனக்குப் பள்ளிக்கூடத்துச் சாலையை ஆய்வு செய்யும் பொறுப்பு வந்திருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். இருபது வருஷம் உன்னைப் போன்ற பிள்ளைகளோடு இதே வேலையாக வெயிலில் நின்றவன் நான். செய்த தவறுகள் கொஞ்சமல்ல. அவை உனக்கு உதவட்டும்.

1. முதல் நாள் டேப்பை எடுக்காதே, நடந்து பார். காலையில் பள்ளிப் பிள்ளைகளோடு நட. இருட்டியபின் அதே வழியில் மறுபடி நட. தெருவிளக்கு எரியாத இடம் பகலில் தெரியாது.

2. சாலையோரத்தில் மண்டியிட்டுப் பார். எட்டு வயதுப் பிள்ளையின் கண் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. உனக்குத் தெரிகிற லாரியை, ஓரமாய் நிறுத்திய ஆட்டோ அவனுக்கு மறைத்துவிடும். ஏழு மீட்டர் சாலையை அவன் ஏழு நொடியில் கடக்கிறான் என்று வை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடும். அப்படியானால் நூறு மீட்டர் தூரம் அவன் கண்ணுக்குத் தெரியவேண்டும். தெரிகிறதா என்று பார்த்து எழுது.

3. நடப்பவரைக் குற்றம் சொல்லாதே. எங்கள் முதல் அறிக்கையில், 'பொதுமக்கள் விதிகளை மதிப்பதில்லை' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான்கு வழிச் சாலையின் நடுத்தடுப்பில் பூக்கார அம்மா ஒருவர் தினமும் ஏறிக் குதித்துப் போவார். அவரைப் பார்த்துத்தான் எழுதினேன். மறுநாள் ஒரு மாணவி அவரிடம் போய்ப் பேசினாள். பஸ் நிறுத்தம் ஒரு பக்கம், வீடு மறுபக்கம், தடுப்பில் திறப்போ அரை கிலோமீட்டர் தள்ளி. "கூடையத் தூக்கிக்கிட்டு உங்க சாரை ஒருதரம் நடக்கச் சொல்லும்மா" என்றாராம். நடந்தேன். அந்த வரியை அடித்துவிட்டு, 'கடக்க வழியில்லை' என்று எழுதினோம். வழி வைக்காதவர்களை விட்டுவிட்டு வழியில்லாமல் தவித்தவரைக் குறை சொன்னோமே என்று இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

4. டீக்கடையில் உட்கார்ந்து கேள். தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ நேர்ந்த விபத்துகள் ஐந்து, அல்லது பத்து மரணங்கள் இருந்தால்தான் அது கரும்புள்ளி என்று அரசுக் கணக்கு. அதுவரை பொறுத்திருக்க நமக்கு நெஞ்சுரம் இல்லை. மயிரிழையில் தப்பியவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்கமாட்டார்கள். அவர்களை அறிந்தவர்கள் டீ ஆற்றுகிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும்தான்.

5. அவசரப்பட்டு மருந்து எழுதாதே. ஒரு வளைவில் வேகத்தடை வேண்டும் என்று நாங்கள் மனுக் கொடுத்தோம். ஒரே வாரத்தில் போட்டுவிட்டார்கள். கைதட்டினோம். குறுகிய, செங்குத்தான மேடு அது. வெள்ளைப் பட்டையும் இல்லை, முன்னறிவிப்புப் பலகையும் இல்லை. ஒரு இரவு பைக்கில் வந்த பையன் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்து கிடந்தான். மேட்டின் உயரம் பத்து செ.மீ., வண்டி ஏறி இறங்கும் அகலம் 3.7 மீட்டர் என்று, சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-லேயே எழுதி வைத்திருக்கிறது. நான் படித்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் அப்பா என்னைக் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. கேட்பதற்கு முன் படி. கேட்டது கிடைத்தபின் அளந்து பார்.

6. உன் உயிரும் உயிர்தான். ஒருவர் அளக்கும்போது இன்னொருவர் வண்டிகளைக் கவனிக்கட்டும். கண் முன்னால் விபத்து நடந்தால் நோட்டைக் கீழே போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடு. உதவுகிறவரைச் சட்டம் காக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவு அதற்கென்றே வந்தது.

7. அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதா, நகராட்சியுடையதா, ஊராட்சியுடையதா என்று முதலில் விசாரி. பிறகு உரிய பொறியாளரைப் பார்த்துப் பணிவாகப் பேசு. முடிந்தால் அந்த இடத்துக்கே கூட்டிப் போய் மண்டியிட்டுக் காட்டு. அவரும் பிள்ளை பெற்றவராக இருப்பார். ஒருமுறை போய்க் காரியம் நடக்காவிட்டால் ஐந்துமுறை போ.

அந்தப் பூக்கார அம்மா ஏறிக் குதித்த நடுத்தடுப்பில் திறப்பு வர மூன்று வருஷம் ஆயிற்று. போன பொங்கலுக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். கடக்கும் கோடுகள் பாதி தேய்ந்துபோயிருந்தன. சனிக்கிழமை உனக்கு நேரமிருந்தால் வா, இருவருமாகப் போய் அளந்து எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம்.