ஆங்கிலப் பாடம்: காட்டுச் சொற்களும் கடைச் சரக்கும்



மரம், பிரம்பு, ரப்பர், அகில் என நம்மவர் வாங்கி விற்கும் சரக்குகள் பல காட்டிலும் தோட்டத்திலும் பிறந்தவை. இவற்றைப் பற்றி வரும் ஆங்கிலக் கடிதத்தில் ஒரு சொல்லைப் பிசகாகப் புரிந்துகொண்டாலும் பணம் போகும், பெயரும் போகும். ஆகவே இன்று காட்டுச் சொற்கள் சிலவற்றைப் படிப்போம்.

முதலில் பயம் நீங்கட்டும். இவற்றுள் சில நம் பக்கத்துச் சொற்களே. நம் தேக்கு, மலையாளக் கரை வழியே போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து 'டீக்' ஆயிற்று. மலாய்க்காரரின் ரோத்தான், 'ராட்டன்' ஆயிற்று.

1. ஃபாரஸ்ட், பிளான்டேஷன்: தானாய் வளர்ந்த காடு ஃபாரஸ்ட், ஆள் வைத்து நட்டு வளர்த்தது பிளான்டேஷன். ரப்பரும் செம்பனையும் பிளான்டேஷனைச் சேர்ந்தவை. 'ஃபாரஸ்ட் ரிசர்வ்' என்றால், சர்க்கார் சட்டப்படி ஒதுக்கி வைத்த காடு. கடையில் 'ரிசர்வ் ஸ்டாக்' என்கிறோமே, அந்தப் பொருளில் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

2. லாக், ஸான் டிம்பர்: வெட்டிய உருண்டை மரம் லாக், அறுத்த மரமும் பலகையும் ஸான் டிம்பர். தீபகற்ப மலேசியாவிலிருந்து லாக் ஏற்றுமதி செய்வது 1985ல் தடை செய்யப்பட்டது. ஆர்டரில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்தே விலை சொல்ல வேண்டும்.

3. ஹார்ட்வுட், ஸாஃப்ட்வுட்: வன்மரம், மென்மரம் என்று நேராகப் பொருள் கொண்டால் ஏமாறுவோம். அகன்ற இலை மரங்கள் ஹார்ட்வுட். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் ஸாஃப்ட்வுட். தக்கை போல் எடையற்ற பால்ஸாவும் ஹார்ட்வுட்தான்! ஆகவே உறுதியை அறிய அடுத்த சொல்லையும் கேளுங்கள். சிவப்பு மெராந்தி 'லைட் ஹார்ட்வுட்'; செங்கால் 'ஹெவி ஹார்ட்வுட்'.

4. என்டேஞ்சர்டு, எக்ஸ்டிங்ட்: அழியும் ஆபத்தில் இருப்பது முன்னது; அடியோடு அழிந்துபோனது பின்னது. முன்னதைக் காப்பாற்ற இன்னும் வழியுண்டு, பின்னதற்கு இல்லை.

5. ஒயில்ட், ஆர்ட்டிஃபிஷியலி புரோபகேட்டட்: இதுதான் இன்றைய பாடத்தின் முக்கியமான இடம். அகில் மரம் காயம்பட்டு, அதில் பூஞ்சணம் பற்றினால்தான் உள்ளே கறுத்த வாசனைப் பிசின் ஊறும். எந்த மரத்தில் ஊறியிருக்கிறது என்று வெளியே தெரியாது. பிசினைத் தேடிப் பல மரங்களை வீணாக வெட்டிச் சாய்த்தார்கள். ஆகவே, 1973ல் கையெழுத்தாகி 1975ல் அமலுக்கு வந்த 'சைட்டிஸ்' என்னும் உலக உடன்படிக்கையில், மலாக்கா அகில் 1995ல் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2005ல் அந்த மர இனம் முழுவதுமே சேர்ந்தது. இரண்டாம் பட்டியல் என்றால் வியாபாரம் தடை என்பதல்ல. பெர்மிட் இல்லாமல் எல்லை கடத்தக் கூடாது என்பதே.

அந்தப் பெர்மிட்டில் 'ஒயில்ட்' என்றிருந்தால் காட்டில் எடுத்தது. 'ஆர்ட்டிஃபிஷியலி புரோபகேட்டட்' என்றிருந்தால் நட்டு வளர்த்தது. ஒரு கடைக்காரர் 'ஆர்ட்டிஃபிஷியல்' என்ற பகுதியை மட்டும் படித்து, "போலிச் சரக்கை அனுப்பிவிட்டான்" என்று திருப்பி அனுப்பினால் என்னவாகும்? நல்ல சரக்கும் போகும், நாணயமான வாடிக்கையும் போகும். இங்கே 'செயற்கை' என்பது பயிர் செய்த முறையைக் குறிக்கிறது, வாசனையை அல்ல.

6. டிஃபாரஸ்டேஷன், ரீஃபாரஸ்டேஷன்: முன்னே நிற்கும் 'டி' நீக்குவதைக் காட்டும், 'ரீ' மீண்டும் செய்வதைக் காட்டும். ஆகவே முன்னது காடழிப்பு. பின்னது மீண்டும் காடு வளர்ப்பு. ஐரோப்பிய யூனியன் 2023ல் ஒரு சட்டம் இயற்றியது. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த பாமாயில், ரப்பர், மரம், காப்பி, கொக்கோ முதலியவை அங்கே விற்கலாகாது என்பது அதன் சாரம். அமல் தேதி தள்ளிவைக்கப்பட்டபோதிலும், அங்கிருந்து வரும் கடிதங்களில் இச்சொல்லை நீங்கள் காண்பீர்கள்.

பயிற்சி: கீழ்க்கண்டவற்றுக்குப் பொருள் கூறுக.
(அ) திஸ் டிம்பர் இஸ் ஃப்ரம் எ பிளான்டேஷன்.
(ஆ) த ட்ரீ இஸ் என்டேஞ்சர்டு, நாட் எக்ஸ்டிங்ட்.

விடை: (அ) இம்மரம் தோட்டத்தில் வளர்க்கப்பட்டது. (ஆ) அம்மரம் அழியும் ஆபத்தில் உள்ளது, அழிந்துவிடவில்லை.

கடை சாத்தியபின் பிள்ளைகளுடன் அமர்ந்து வாய்விட்டுப் படியுங்கள். புரியாத சொல் உள்ள தாளில், பொருள் தெரியுமுன் கையொப்பம் இடாதீர்கள்.