ராமேஸ்வரம் தீவுக்கு எந்த மாதம் போகலாம்?



போன வருடம் அரையாண்டு விடுமுறையில் நம்ம பள்ளியில் இருந்து ராமேஸ்வரம் சுற்றுலா போனோம் அல்லவா? வந்தவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி எல்லாம் வெள்ளையாகிப் போச்சு. "கீழே பாருங்க, கடல் கடல்" என்று சார் சொன்னார். எங்களுக்கு மழைதான் தெரிந்தது. தனுஷ்கோடிக்கு வண்டி விடவில்லை என்று பாதி வழியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஈரத் துணியோடு நின்று புளிச்சோறு சாப்பிட்டோம். ஊர் திரும்பினோம்.

என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த தோழி அதுவரை கடலையே பார்த்ததில்லை. அவள் கட்டிய 400 ரூபாய் அவளுடைய அம்மா நூறு நாள் வேலையில் சேர்த்து வைத்தது. திரும்பி வரும்போது, "கடல் எப்படி இருந்துச்சுன்னு அம்மா கேட்டா நான் என்னடி சொல்றது?" என்று அழுதுவிட்டாள். இன்னொரு தடவை அவளால் வீட்டில் பணம் கேட்க முடியாது.

"மழைக்கு நாம என்ன செய்ய முடியும்?" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த வருடம் சமூக அறிவியலில் பருவக்காற்றுப் பாடம் படித்த பிறகுதான் புரிந்தது. மழை மேல் தப்பு இல்லை. அது தன்னுடைய மாதத்தில்தான் வந்தது. நாம்தான் அதன் மாதத்தில் போய் நின்றோம். அதனால் ஒரு தீவுக்குப் போக எந்தக் காலம் நல்லது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

1. வெயிலைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள்

ராமேஸ்வரம் தீவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9 டிகிரியில் இருக்கிறது. அதாவது வெப்ப மண்டலத்துக்கு உள்ளே. இங்கே சூரியன் வருடத்துக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரல் 14-ஐ ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் 29-ஐ ஒட்டி இன்னொரு தடவை. அந்த நாட்களில் நண்பகலில் ஒரு குச்சியை நேராக நட்டால் நிழலே விழாது.

அப்படி என்றால் வெயில் பயங்கரமாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் நாலு பக்கமும் கடல். கடல் சீக்கிரம் சூடாகாது, சீக்கிரம் ஆறவும் ஆறாது. அதனால் மே மாதத்தில் மதுரையில் 38 டிகிரிக்கு மேல் கொளுத்தும்போதுகூட, பாம்பனில் பெரும்பாலும் 33, 34 டிகிரிதான். ஜனவரியில் 28 டிகிரி. குளிர்காலத்துக்கும் கோடைக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆகவே, தீவில் காலத்தை மாற்றுவது வெயில் அல்ல, காற்று.

நீங்களே செய்து பாருங்கள்: ஒரு டம்ளரில் மணல், இன்னொரு டம்ளரில் தண்ணீர் எடுத்து அரைமணி நேரம் வெயிலில் வையுங்கள். பிறகு விரலை வைத்துப் பாருங்கள். மணல் சுடும், தண்ணீர் அவ்வளவு சுடாது. கோடையில் நம் நாட்டின் நிலம் இப்படித்தான் கடலைவிட அதிகமாகச் சூடாகிறது. சூடான காற்று மேலே போகிறது. அந்த இடத்துக்குக் கடலில் இருந்து காற்று ஓடி வருகிறது. அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று. குளிர்காலத்தில் எல்லாம் தலைகீழ். நிலம் சீக்கிரம் ஆறிவிடும், காற்று நிலத்தில் இருந்து கடலுக்குப் போகும். அதுதான் வடகிழக்குப் பருவக்காற்று.

2. ஒரு தீவு, இரண்டு கடல், இரண்டு காற்று

பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். தீவு கிழக்குப் பக்கம் போகப் போக வால் மாதிரி மெலிந்துகொண்டே போகும். அந்த வால் நுனிதான் தனுஷ்கோடி அரிச்சல்முனை. வடக்கே இருப்பது பாக் விரிகுடா. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அங்கே இருப்பவர்கள் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும், தெற்குக் கடலைப் ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள்.

தென்மேற்கில் இருந்து அடிக்கும் காற்றை மீனவர்கள் சோழகம் என்பார்கள். சோழகக் காலத்தில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். வடகிழக்கில் இருந்து வருவது வாடை. வாடைக் காலத்தில் வடக்குக் கடல் கொந்தளிக்கும். இரண்டும் ஓய்ந்திருக்கிற நாளில்தான் இரண்டு கடலும் அமைதியாக இருக்கும். அந்த நாட்கள் எப்போது வரும் என்பதுதான் நம் கேள்வி.

3. மாதம் மாதமாகப் பார்ப்போம்

சித்திரை, வைகாசி: கடல் பார்க்கலாம், ஆனால் மதியத்தில் மணல் கால் சுடும். கோடை விடுமுறை என்பதால் கூட்டமும் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக இந்தத் தடை. விசைப்படகு எல்லாம் கரையில் வரிசையாக நிற்கும்.

ஆனி, ஆடி, ஆவணி: சோழகம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? இந்தக் காற்றின் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக் கேரளாவுக்குக் கொடுத்துவிடுகிறது. நமக்கு வருவது வெறும் காற்று. தனுஷ்கோடியில் மணலை வாரி ரோட்டின் மேல் கொட்டும். கண்ணைத் திறக்க முடியாது.

புரட்டாசி: சோழகம் அடங்கும், வாடை இன்னும் தொடங்கியிருக்காது. ஓரளவு நல்ல மாதம். சாயங்காலம் இடி மழை வரலாம்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி: வாடை. இது வங்காள விரிகுடா மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு வருடத்துக்குச் சராசரியாகச் சுமார் 820 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில்தான். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வருட மழையில் கிட்டத்தட்ட பாதி ஒரே நாளில்!

தை, மாசி, பங்குனி: மழை நின்றுவிடும். தை தொடக்கத்தில் வாடை கொஞ்சம் வீசும், போகப் போக அடங்கும். சோழகம் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு கடலும் கண்ணாடி மாதிரி கிடக்கும். வெயிலும் பொறுக்கும்.

4. டிசம்பரை நினைத்தால் ஏன் பயம்?

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு. அப்போது தனுஷ்கோடி பெரிய ஊர். ரயில் நிலையம், தபால் நிலையம், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. இலங்கைக்குக் கப்பல் போனது. அந்த இரவு அடித்த புயலில் கடல் எழும்பி ஊருக்குள் வந்துவிட்டது. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை அலை அப்படியே அடித்துப் போனது. அதில் இருந்த நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பாம்பன் ரயில் பாலமும் உடைந்தது. அதற்குப் பிறகு தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது. இன்றும் தேவாலயத்தின் சுவரும் ரயில் நிலையத்தின் இடிபாடும் நிற்கின்றன.

தேதியைக் கவனித்தீர்களா? நம்முடைய அரையாண்டு விடுமுறை தொடங்குகிற அதே வாரம்.

இப்போது அந்த மாதிரி இல்லை என்பது எனக்குத் தெரியும். இப்போது புயல் வருவதை வானிலை மையம் பல நாள் முன்பே சொல்லிவிடுகிறது. முன்னெச்சரிக்கையாக ரோட்டை அடைத்துவிடுவார்கள். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில்கூட, காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தி வந்தார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாச்சு. ஆகவே உயிருக்கு ஆபத்து என்று நான் பயமுறுத்தவில்லை. டிசம்பரில் எல்லா நாளும் மழை பெய்யும் என்றும் சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்புக்காக ரோட்டை அடைத்தால், நாம் கட்டின பணமும் ஆசைப்பட்ட ஆசையும் அங்கேயே நின்றுவிடும். வருடம் பூராவும் காத்திருந்து போகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

5. மாசி மாதம் போனால் என்ன பார்க்கலாம்?

• பாம்பன் ரோட்டுப் பாலத்தில் இருந்து இரண்டு பக்கமும் கடல், பக்கத்திலேயே புது ரயில் பாலம். கப்பல் வரும்போது நடுவில் உள்ள 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகும்.

• அரிச்சல்முனை வரை 2017-இல் தார் ரோடு போட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் மணலில் வேன் ஓட்டித்தான் போவார்களாம். ஒரு முக்கியமான விஷயம்: இரண்டு கடலும் சேருகிற இடம் என்பதால் நீரோட்டம் ஜாஸ்தி. எந்த மாதமானாலும் அங்கே இறங்கிக் குளிக்கக் கூடாது.

• தனுஷ்கோடி போகும் வழியில் உள்ள நீர்ப்பரப்பில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். அவை குளிர்காலத்தில் வந்து, கோடை தொடங்கும்போது போய்விடும். 2025-இல் அந்த இடத்தைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

• தை முதல் பங்குனி வரை ஆமைகள் கரையேறி முட்டையிடும். அந்த ஆமைக்குப் பேரே பங்குனி ஆமை. பெயரிலேயே மாதம் இருக்கு பாருங்கள்!

ராமநாதசுவாமி கோயிலின் நீளமான பிரகாரமும், பேய்க்கரும்பில் உள்ள டாக்டர் அப்துல் கலாம் நினைவிடமும் எந்த மாதத்திலும் பார்க்கலாம். கூட்டம் வேண்டாம் என்றால் தை அமாவாசை, சிவராத்திரி நாட்களை மட்டும் தவிர்க்க வேண்டும்.

6. எல்லாத் தீவுக்கும் மாசிதானா?

இல்லை. அதுதான் இந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த விஷயம். காற்று எந்தக் கடல் மேல் வந்து எந்தக் கரையில் மோதுகிறது என்று பார்க்க வேண்டும். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மலை இருக்கிறது. தென்மேற்குக் காற்று வரும்போது கொழும்புப் பக்கம் மழை, திருகோணமலைப் பக்கம் காய்ந்திருக்கும். வடகிழக்குக் காற்று வரும்போது திருகோணமலையில் மழை. ஒரே தீவில் ஒரு கரைக்கு நல்ல மாதம் இன்னொரு கரைக்கு ஆகாத மாதம். அந்தமானில் மே மாதத்தில் இருந்தே மழை ஆரம்பித்துவிடும். சோழகக் காலத்தில் நமக்குக் காற்று, அவர்களுக்கு மழை.

ஆகவே எந்தத் தீவுக்குப் போனாலும் நாலு கேள்வி கேளுங்கள்: காற்று எங்கிருந்து வருகிறது? ஈரத்தோடு வருகிறதா, காய்ந்து வருகிறதா? நாம் பார்க்கப் போகிற கரை எந்தப் பக்கம்? நாம் பார்க்க நினைப்பது அந்த மாதத்தில் அங்கே இருக்குமா? "நமக்கு எப்போ லீவு?" என்பது ஐந்தாவது கேள்வியாகத்தான் வர வேண்டும். நாம் அதை முதல் கேள்வியாகக் கேட்டுவிட்டோம்.

போன வருடம் பாம்பனில் டீக்கடையில் ஒதுங்கி நின்றபோது ஒரு பெரியவர் சொன்னார்: "வாடையில வந்திருக்கீகளே தாயி. மாசியில வந்தா கடல் தாலாட்டும்." அப்போது எனக்கு விளங்கவில்லை. ஒரு பாடம் முழுவதையும் அவர் ஒரே வரியில் சொல்லியிருக்கிறார்.

தலைமையாசிரியர் ஐயாவுக்கும் ஆசிரியர்களுக்கும் பணிவான வேண்டுகோள். இந்த வருடச் சுற்றுலாவைப் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாமா? ஒரு நாள் போதும். முழு ஆண்டுத் தேர்வுக்கும் நாள் இருக்கும். போன வருடம் பணம் கட்டியும் கடல் பார்க்காமல் வந்தவர்களுக்கு ஏதாவது சலுகை செய்ய முடியுமா என்றும் யோசிக்க வேண்டுகிறேன். காற்றுள்ள போதே தூற்றிக்கொள் என்பது நெல் தூற்றுகிறவர்களுக்கு. தீவுக்குப் போகிறவர்கள் காற்று ஓய்ந்த போதே போய்வர வேண்டும்.

கேள்விகள் (விடை அடுத்த இதழில்):
1. சோழகக் காலத்தில் எந்தக் கடல் கொந்தளிக்கும்? ஏன்?
2. நம் ஊரில் நிழல் விழாத நாள் எது? குச்சி நட்டுக் கண்டுபிடியுங்கள்.
3. லட்சத்தீவுக்குப் போக எந்த மாதம் நல்லது? வரைபடத்தைப் பார்த்து நாலு கேள்வியும் கேட்டுச் சொல்லுங்கள்.



— 9-ஆம் வகுப்பு மாணவி