மேட்லேப் வாங்கக் காசில்லையா?

உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறிப் பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைகள் மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் திருட்டுப் பிரதிக்கு அலைய வேண்டாம், வைரஸ்தான் மிச்சம். அதற்குப் பதிலாகப் பயன்படும் சைலேப், க்னூ ஆக்டேவ் இரண்டுமே இலவசம், திறந்த மூல மென்பொருள்கள். மேட்லேப் பாடத்திட்டம் என்றால் ஆக்டேவ் எடுங்கள், கட்டளைகள் பெரும்பாலும் ஒன்றே.

நிறுவும் கோப்பு பெரியது. செல்போன் டேட்டாவைக் கரைக்காமல் கல்லூரி லேபில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவாருங்கள். நிறுவிய பிறகு நெட் தேவையில்லை.

முதல் கணக்கைப் பன்னிரண்டாம் வகுப்பு அணிகள் பாடத்திலிருந்தே போடலாம். இரண்டு பேனா, ஒரு பென்சில் 25 ரூபாய். ஒரு பேனா, மூன்று பென்சிலும் 25 ரூபாய். விலை என்ன? இப்படித் தட்டுங்கள்:

[2 1; 1 3] \ [25; 25]

பேனா 10, பென்சில் 5 என்று வரும். அரைப்புள்ளி அடுத்த வரிசையைக் குறிக்கும். சாய்கோடு இடப்பக்கம் சாய்ந்தது. மாற்றிப் போட்டால் பிழைச்செய்தி வரும். வரிசை எண் 1-இல் தொடங்கும், பைத்தான் போல 0-இல் அல்ல.

ஆங்கிலம் தடுமாறினால் மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில் சைலேப் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே உள்ளன. அதற்கும் கட்டணமில்லை.