பந்தல் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

கொல்கத்தா கிடர்பூரில், வறுமையைக் கருத்தாக வைத்த துர்கா பூஜைப் பந்தலில் கைவைக்க வரும் தம்பி, தங்கச்சிகளுக்குச் சொல்கிறேன்.

1. புராணத்துக்குள் நீங்கள்தான் வறுமையைக் கொண்டுவந்ததாக நினைக்காதீர்கள். பிட்டுக்கு மண் சுமந்து, பிரம்படியும் பட்ட சொக்கனை நமக்குத் தெரியும். வங்காளத்தில் 18-ஆம் நூற்றாண்டு ராமேஸ்வர் பட்டாசார்யாவின் 'சிவாயன'த்தில் சிவன் உழவனே. பிச்சையில் குடும்பம் ஓடவில்லை என்று பார்வதி ஏசுகிறாள். சூலம் கலப்பைக்குப் போகிறது. விதைநெல் குபேரனிடம் கடன். அவ்வளவு பாடுபட்டும் அவள் கேட்ட சங்கு வளையலுக்கு வழியில்லை. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். நம் கிடர்பூர் பூகைலாசத்தில் ஜெயநாராயண் கோஷால் 1781-இல் கட்டிய கோயில்களில் பெரிய பெரிய லிங்கங்களைக் கும்பிடும்போது அந்த விதைக் கடனும் ஞாபகம் வரட்டும்.

2. தேவியின் எல்லா அடையாளத்தையும் அழித்துவிடாதீர்கள். டயமண்ட் ஹார்பர் சாலையில் தெற்கே போனால் பெஹாலாவில் பரிஷா கிளப். 2020-இல், ஊரடங்கில் ஊருக்கு நடந்த கூலிக் குடும்பங்களை நினைத்து, ரிந்து தாஸின் கருத்தில் பல்லப் பௌமிக் ஒரு துர்க்கையைச் செய்தார். கையில் சூலம் இல்லை. சட்டையில்லாத கார்த்திக் இடுப்பில் இருந்தான். ஆனால் பிள்ளைகளோடு அவர்களின் வாகனங்களான ஆந்தையும் அன்னமும் வந்தன. அவை இல்லாவிட்டால் அவள் வெறும் பரிதாபப் பொம்மை.

3. 'ஏழை' என்று மொத்தமாக வரையாதீர்கள். எந்த ஊர், என்ன பயிர், யாரிடம் கடன்? 1943 வங்காளப் பஞ்சத்தில் ஓவியர் சித்தபிரசாத் மிட்னாபூர் கிராமங்களுக்கே நடந்துபோய்ப் பார்த்த முகங்களை வரைந்தார். அவர்கள் கதையையும் எழுதிப் புத்தகமாக்கினார். அந்தப் புத்தகத்தை ஆங்கில அரசு பறித்து எரித்தது. அதே ஆண்டு டிசம்பர் 5-இல் ஜப்பான் விமானங்கள் நம் கிடர்பூர் துறைமுகத்தில் குண்டு போட்டன. ஊர்க்காரர்கள் குண்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். பசியைப் பற்றிப் பேசுவது குறைவு.

4. புதுச் சேலையை வாங்கிக் கிழித்துச் சிலைக்குக் கட்டாதீர்கள். பார்க்கவே கூசுகிறது.

5. பூஜை நெருங்கும்போது கிராமங்களிலிருந்து டாக் மேளக்காரர்கள் வந்து, யாராவது கூப்பிடுவார்களா என்று சியால்தா ஸ்டேஷன் வாசலில் அடித்துக்காட்டிக் காத்திருப்பார்கள். உங்கள் பந்தலில் வறுமைதான் கருத்து என்றால், அவர்களிடம் பேரம் பேசாதீர்கள். மூங்கில் கட்டியவருக்கும் மண் பிசைந்தவருக்கும் கூலியைத் திறப்பு விழாவுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.