கறுத்த எண்ணெய் கெட்ட எண்ணெயா?

எட்டாம் வகுப்பில் பாகுநிலையை நடத்தும்போது, கமுதிப் பட்டறைகளுக்கு வரும் பழைய டீசல் காரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

செயல்பாடு: 100 மி.லி. விளக்கெண்ணெயைப் புனல் வழியே வடியவிட்டு, ஆகும் நேரத்தை மாணவர்கள் குறிக்க வேண்டும். பின்பு அதே எண்ணெயை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கி, மீண்டும் வடியவிட வேண்டும். சூடான எண்ணெய் விரைவில் வடியும். வெப்பநிலை உயர்ந்தால் திரவத்தின் பாகுநிலை குறையும்.

தொடர்பு: எண்ணெய் மாற்றும் முன் மெக்கானிக் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்துவது இதனால்தான். இளகிய எண்ணெய் கரித்துகளையும் அள்ளிக்கொண்டு வடிகிறது.

மாணவர்கள் கேட்பது: "புது எண்ணெய் சில நாளிலேயே கறுத்துவிடுகிறதே, சார்?" டீசல் எரியும்போது உண்டாகும் கரியை எண்ணெயிலுள்ள வேதிப்பொருள்கள் படியவிடாமல் மிதக்க வைக்கின்றன. கறுப்பது எண்ணெய் வேலை செய்வதன் அடையாளம். ஆகவே நிறத்தைப் பார்த்து மட்டும் மாற்றக் கூடாது. கையேடு சொல்லும் கிலோமீட்டரையும் காலத்தையும் பார்க்க வேண்டும்.

கலந்துரையாடல்: வடித்த எண்ணெயைத் தரையில் கொட்டினால், மழைநீர் அதைக் கண்மாய்க்குக் கொண்டுபோகும். உங்கள் ஊர்ப் பட்டறையில் அது எங்கே போகிறது? விசாரித்து எழுதிவரச் சொல்லுங்கள்.