கீரைக்கு ஊற்றும் தண்ணீரும் கட்டை அலசும் தண்ணீரும்



நம்ம குழுக்களில் கீரை போடுறவங்க நிறைய பேர் இருக்கோம். முதல் கொஞ்சம் போதும். முளைக்கீரை, சிறுகீரை என்றால் மூன்று நான்கு வாரத்தில் காசு கைக்கு வந்துவிடும். அரைக்கீரை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். விதை, உரம், சந்தை விலை பற்றியெல்லாம் கூட்டத்தில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். ஆனால் கீரைக்கு ஊற்றுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கட்டை எதில் அலசுகிறோம் என்று அதிகம் பேசுவதில்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

2022-ல் நாம் பட்ட பாடு

2022 ஜூன் மாதக் கடைசியில் நம்ம காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவியது மறந்திருக்காது. சிலருக்குக் காலரா என்று பரிசோதனையில் தெரிந்தது. ஜூலை 3-ந் தேதி பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளி, கல்லூரிகளை மூன்று நாள் மூடினார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் முக்கியக் காரணம் என்று பேசப்பட்டது.

அது கீரையால் வந்த நோய் இல்லை. ஆனால் அதே கழிவுநீர் வாய்க்காலுக்கும் குட்டைக்கும் போனால், அங்கிருந்து நம்ம பாத்திக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

நாம் கடைமடைக்காரர்கள்

அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு என்று பல ஆறுகள் காரைக்கால் வழியாகக் கடலுக்குப் போகின்றன. எல்லாம் காவிரித் தண்ணீர்தான். ஆனால் நமக்கு வருவது கடைசியாக. வழியில் உள்ள ஊர்களின் சாக்கடை, மாட்டுத் தொழுவக் கழிவு, குளியல், துணி துவைப்பு எல்லாவற்றையும் தாண்டித்தான் தண்ணீர் நம்மிடம் வருகிறது. மேட்டூர் அணை திறந்து முதலில் வருகிற தண்ணீர், கோடையில் வாய்க்காலில் சேர்ந்து கிடந்த குப்பையையும் அடித்துக்கொண்டு வரும். அந்த முதல் தண்ணீரை நெல் வயலுக்கு விடலாம். வளர்ந்து நிற்கிற கீரையின் இலை மேல் ஊற்றக் கூடாது.

சரி, போர் தண்ணீர் பாய்ச்சலாம் என்றால் கடலோரத்தில் உப்பு. ஆகையால் பலரும் குட்டைத் தண்ணீரையே நம்புகிறோம். வேறு வழி இல்லாதபோது, இருக்கிற தண்ணீரை எப்படிப் பக்குவமாகப் பயன்படுத்துவது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

"வேக வைத்துத்தானே சாப்பிடுறோம்?"

இந்தக் கேள்வி நியாயமானதுதான். நன்றாக வெந்த கீரையில் கிருமி சாகும். ஆனால் கீரை வேகிறதுக்கு முன்னாடியே கிருமி கைக்கு வந்துவிடுகிறது. கீரை ஆய்ந்த கையால் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோம். கீரை அரிந்த அரிவாள்மனையில் வெங்காயமும் வெள்ளரிக்காயும் நறுக்குகிறோம். கொத்தமல்லியையும் புதினாவையும் பச்சையாகவே அரைத்துச் சட்னி செய்கிறோம். குடற்புழு முட்டைகள் ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குடற்புழு நீக்க நாளில் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தும், மண் ஒட்டின கீரை வழியாகப் புழு திரும்பி வந்தால் என்ன பயன்?

மற்ற நாடுகளில் நடந்தது

இது ஏழை நாட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. 2018-ல் அமெரிக்காவில், அரிசோனா மாநிலம் யூமா பகுதியில் விளைந்த லெட்டூஸ் கீரையைச் சாப்பிட்ட 210 பேருக்கு நோய் வந்தது, 5 பேர் இறந்தார்கள். லெட்டூஸைப் பச்சையாகத் தின்பது அந்த ஊர் வழக்கம். அதே ஈ.கோலை கிருமி அங்குள்ள பாசன வாய்க்கால் தண்ணீரிலும் இருந்தது.

ஆப்பிரிக்காவில் கானா நாட்டு விவசாயிகள் நம்மைப் போலவே பூவாளியால் ஊற்றுகிறவர்கள். அங்கே செய்த ஆய்வுகள் எளிய வழிகளைக் காட்டின. தண்ணீரைத் தெளிய வைப்பது, பூவாளியைத் தாழ்வாகப் பிடிப்பது, அறுவடைக்கு முன் நீர் நிறுத்துவது ஆகிய மூன்றுமே கிருமியைக் குறைத்தன. எதற்கும் பெரிய செலவு இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. தெளிய வைத்து எடுங்கள். குட்டைத் தண்ணீரைத் தொட்டியில் அல்லது குழியில் இரண்டு மூன்று நாள் அசையாமல் விடுங்கள். புழு முட்டைகள் அடியில் தங்கும். கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றுங்கள்.

2. வேருக்கு ஊற்றுங்கள். பூவாளியை முழங்கால் உயரத்துக்குக் கீழே பிடியுங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் சேறு தெறித்து இலையில் ஒட்டும். காலையில் ஊற்றினால் இலை வெயிலில் காயும். வெயிலும் காய்ச்சலும் கிருமிக்கு ஆகாது.

3. அறுப்பதற்கு இரண்டு நாள் முன்பு இலை மேல் ஊற்றுவதை நிறுத்துங்கள். கட்டின் எடை கொஞ்சம் குறையலாம். கோடையில் கீரை வாடும் என்றால் பாத்தி ஓரமாக வேருக்கு மட்டும் விடலாம்.

4. பச்சைச் சாணியை, சாணிக் கரைசலை நிற்கிற கீரையில் ஊற்ற வேண்டாம். மூன்று நான்கு மாதம் நன்றாக மக்கிய எருவை விதைக்கும் முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள். எருக்குழி பாத்தியை விடப் பள்ளத்தில் இருக்கட்டும். மழைத் தண்ணீர் அதிலிருந்து பாத்திக்கு ஓடக் கூடாது.

5. கழிப்பறைக் குழிக்கும் கிணறு அல்லது போருக்கும் குறைந்தது 10 மீட்டர் தூரம் வேண்டும். நம்ம பகுதியில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் 15 மீட்டர், அதாவது சுமார் 50 அடி விடுவது நல்லது.

6. வேலைக்கு வரும் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். ஆத்திர அவசரத்துக்கு வரப்போரம் ஒதுங்குகிற நிலை இருந்தால், மற்றதையெல்லாம் செய்தும் பயனில்லை. பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் சோப்பும் வையுங்கள். சாம்பலை விடச் சோப்பு மேல்.

7. வயிற்றுப்போக்கு இருப்பவர் கீரை அறுக்கவோ கட்டவோ வேண்டாம். நின்ற பிறகும் இரண்டு நாள் பொறுக்கட்டும். "கூலி போயிடுமே" என்று பயந்துதான் பலர் சொல்லாமல் வருகிறார்கள். உடம்பு தேறியதும் வரப்பு வெட்ட, வேலி கட்ட என்று வேறு வேலை கொடுத்தால் கூலியும் போகாது, நோயும் பரவாது.

கடைசி அலசல்தான் முக்கியம்

மேலே சொன்ன ஏழையும் செய்துவிட்டு, விடியற்காலையில் கட்டுகளைச் சாக்கடை கலந்த வாய்க்காலில் முக்கி எடுத்தால் எல்லாம் வீண். சந்தைக்குப் போகும்போது கீரையில் ஒட்டியிருப்பது அந்தக் கடைசித் தண்ணீர்தான். வழியெல்லாம் தெளிக்கிற தண்ணீரும் அப்படித்தான். குடிக்கிற தரத்துத் தண்ணீரில் மட்டும் அலசுங்கள். வேர் மண்ணை முதல் தொட்டியிலும், இலையை இரண்டாவது தொட்டியிலும் அலசினால் தண்ணீர் மிச்சமாகும். கலங்கியதும் மாற்றுங்கள். அலசிய கட்டைத் தரையில் போடாமல் கழுவிய கூடையில் வையுங்கள். உர மூட்டை, மருந்து டப்பா வைத்த சாக்கில் கட்ட வேண்டாம்.

தண்ணீரை நாமே சோதிக்கலாம்

ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்று ஒன்று உண்டு. அதில் தண்ணீர் ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக் கிருமி கலந்திருந்தால் கறுப்பாகும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்கு நீர் சோதனைப் பயிற்சி தர வழி உள்ளது. உங்கள் ஊரில் யார் பயிற்சி பெற்றவர் என்று கேளுங்கள். உப்பு எவ்வளவு, எந்தக் கீரை தாங்கும் என்பதற்கு மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, செருமாவிலங்கை வேளாண் கல்லூரியையோ கேட்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேச

• நம்ம ஊரில் கீரைக்கட்டு எங்கே அலசப்படுகிறது? அந்த இடத்துக்கு மேலே சாக்கடை ஏதும் சேர்கிறதா?
• நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு சிமெண்ட் அலசு தொட்டி கட்ட முடியுமா? குழுக் கடன் போதுமா?
• கீரைக் கொல்லையில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

மூன்றுக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இந்த மாதம் ஒன்றையாவது செய்து முடித்து, அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். நாம் விற்கிற கீரையை நம்ம பிள்ளைகளுக்கும் தைரியமாகக் கொடுக்கணும். சுத்தம் சோறு போடும் என்பது கீரைக்கும் பொருந்தும்.